வேதாகமத்தின் சிவப்புநூலும் அதற்குள் இருக்கும் புழுவும்: ‘தோலாஅத் ஷானி’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அமைத்த வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிய அதிகாரங்களில் “இளநீலநூலும், இரத்தாம்பரநூலும், சிவப்புநூலும்” என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். வாசிக்கிறவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்கள். மூன்றாவதாக வரும் அந்தச் சிவப்புநூலுக்கு எபிரெயத்தில் இருக்கும் பெயரைக் கேட்டால் யாரும் கொஞ்சம் நின்றுதான் போவார்கள். வேதபாட வகுப்புகளில் இதையொட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மேற்கோள்கள் நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து.

சிவப்புநூல் என்று வருகிற இடத்தில் எபிரெயத்தில் என்ன இருக்கிறது?

யாத்திராகமம் 25:4-இலும் அதைத் தொடர்ந்து வரும் கூடார அதிகாரங்களிலும் ‘தோலாஅத் ஷானி’ என்று இருக்கிறது. ‘தோலாஅத்’ என்றால் புழு. ‘ஷானி’ என்றால் ஆழ்ந்த சிவப்பு நிறம், அல்லது அந்த நிறம் ஏற்றிய நூல். சேர்த்துச் சொன்னால் “செஞ்சாயப் புழு”. ‘நூல்’ என்ற சொல் அங்கே இல்லை. சாயத்தின் பெயரையே சாயம் ஏற்றிய நூலுக்கும் வைத்துவிட்டார்கள். மொழிபெயர்த்தவர்கள் பொருளைச் சரியாகத்தான் தந்திருக்கிறார்கள். புழு மட்டும் வழியில் நழுவிவிட்டது.

லேவியராகமம் 14-இல் குஷ்டரோகி சுத்திகரிக்கப்படும் இடத்திலும், எண்ணாகமம் 19:6-இல் சிவப்புக் கிடாரியைச் சுட்டெரிக்கும் இடத்திலும் சொற்கள் இடம் மாறி ‘ஷெனீ தோலாஅத்’ என்று வரும். அங்கேயும் பொருள் அதுதான்.

இரண்டு சொல்லும் தனித்தனியாக வருமா?

வரும். தாமார் பெற்ற இரட்டையரில் ஒன்றின் கையில் மருத்துவச்சி கட்டிய நூல் வெறும் ‘ஷானி’ (ஆதியாகமம் 38:28). ராகாப் ஜன்னலில் கட்டிய கயிறும், உன்னதப்பாட்டு 4:3-இல் உதடுகளுக்கு உவமையான நூலும் அப்படியே.

‘தோலா’ என்ற குறுகிய வடிவமும் தனியாக நின்று நிறத்தைக் குறிக்கும். புலம்பல் 4:5-இல் “இரத்தாம்பரம் உடுத்தி வளர்ந்தவர்கள் குப்பைமேடுகளை அணைத்துக்கொள்ளுகிறார்கள்” என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் அவர்கள் ‘தோலா’வின்மேல் வளர்க்கப்பட்டவர்கள். நாகூம் 2:3 இன்னும் ஒரு படி மேலே போகிறது. புழு என்ற பெயர்ச்சொல்லிலிருந்தே ஒரு வினை பிறந்து, போர்வீரர்கள் செந்நிறம் தரித்திருப்பதைச் சொல்லுகிறது. புழுவுக்கும் நிறத்துக்கும் அந்த மொழியில் அவ்வளவு நெருக்கம்.

உண்மையிலேயே அது புழுவா?

இன்றைய பாகுபாட்டின்படி செதில் பூச்சி. ‘கெர்மெஸ்’ என்ற இனம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் கர்வாலி (ஓக்) மரங்களில் வாழும். பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. குஞ்சாக இருக்கும்போது ஊர்ந்துபோய்க் கிளையில் ஓரிடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். வாயை மரத்துக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். பிறகு அந்த இடத்தைவிட்டு அசையாது. முட்டைகள் நிறைய நிறைய உடம்பு உருண்டு, சின்னப் பட்டாணி அளவுக்கு வந்துவிடும். அப்போது பார்த்தால் பூச்சி என்றே தோன்றாது. கிளையில் காய்த்த ஏதோ ஒரு காய் என்றுதான் நினைப்போம்.

கிரேக்கர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தச் சாயத்துக்கு அவர்கள் இட்ட ‘கொக்கோஸ்’ என்ற பெயருக்கு மணி, விதை என்று பொருள். எபிரெயர்களோ அதைப் புழு என்றார்கள். காய்போலத் தெரிவதை உடைத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது என்று நினைக்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் இரண்டையும் சேர்த்து விளக்கினார்: மிகச் சிவந்த மணிகள், ஒவ்வொரு மணிக்குள்ளும் கொசுவைப்போல ஒரு புழு.

அதிலிருந்து சாயம் எப்படி எடுத்தார்கள்?

முட்டை பொரிப்பதற்கு முன்பு பெண் பூச்சிகளைக் கிளையிலிருந்து கிள்ளி எடுக்க வேண்டும். பொரித்துவிட்டால் நிறமும் குஞ்சுகளோடு போய்விடும். எடுத்ததைக் கொன்று, உலர்த்தி, பொடித்து, வெந்நீரில் ஊறவைத்தால் சிவப்பு இறங்கும். நிறத்தைத் தருவது கெர்மெஸிக் அமிலம். அது நூலைப் பற்றிப்பிடிக்கப் படிகாரம் வேண்டும். படிகாரத்தில் முன்னமே ஊறிய நூலைச் சாயத்தில் போட்டால் நிறம் இழைக்குள் கட்டிக்கொள்ளும். வெயிலுக்கும் தண்ணீருக்கும் எளிதில் விட்டுக்கொடுக்காது.

ஆட்டு ரோமத்தில் இந்தச் சாயம் நன்றாக ஏறும், சணல் (லினன்) நாரில் சரியாக ஏறாது. ஆகவே ‘தோலாஅத் ஷானி’ என்பது சாயம் ஏற்றிய ஆட்டு ரோம நூல். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏசாயாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

ஒரு பூச்சியில் இருக்கும் நிறம் மிகக் கொஞ்சம். ஒரு திரைக்கு வேண்டிய நூல் சிவக்க எத்தனை கைகள் எத்தனை கிளைகளைத் தடவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கூடாரத்துக்குக் காணிக்கை கேட்கும்போது இந்த நூல் பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றை அடுத்து வைக்கப்பட்டதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்குத் தொல்லியல் சான்று உண்டா?

உண்டு, அதுவும் அண்மையில் கிடைத்தது. யூதேயா வனாந்தரத்தில் ‘மண்டையோடுகளின் குகை’ என்று அழைக்கப்படும் குகையில் 2016-இல் நடந்த அகழாய்வில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு துணித்துண்டு கிடைத்தது. இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் நஆமா சுகெனிக்கும் பார்-இலான் பல்கலைக்கழகம், எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துணியின் வயது ஏறக்குறைய 3,800 ஆண்டுகள். பாவு நூல் சாயமில்லாத சணல்நார், ஊடை நூல் சிவந்த ஆட்டு ரோமம். சிவப்புக்குக் காரணம் கெர்மெஸ் பூச்சி.

இதில் என்னை அதிகம் ஈர்த்தது வேறு. இஸ்ரவேல் தேசத்துக் கர்வாலி மரங்களிலும் ஒரு கெர்மெஸ் வகை வாழ்கிறது. பார்-இலானின் சோஹர் அமார் அதைச் சமாரியா மலைகளில் தேடிக் கண்டு, அதிலிருந்து சாயமும் எடுத்துக் காட்டியவர். ஆனால் குகைத் துணியில் இருந்தது அந்த உள்ளூர் வகை அன்று. ஸ்பெயின், பிரான்சு போன்ற நாடுகளில் வாழும் ‘கெர்மெஸ் வெர்மிலியோ’. முற்பிதாக்களின் காலத்தை ஒட்டியே, செந்நிறம் கடல் கடந்து விற்பனைக்கு வந்திருக்கிறது.

நாளாகமத்தில் வரும் ‘கர்மீல்’ வேறு சொல்லா?

சொல் வேறு, பொருள் ஒன்றே. ‘கர்மீல்’ வேதாகமம் முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகிறது: 2 நாளாகமம் 2:7, 2:14, 3:14. மூன்றும் சாலொமோன் ஆலயம் கட்டுகிற பகுதி. முதல் இரண்டும் தீருவின் ராஜாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து, மூன்றாவது ஆலயத்தின் திரை.

பொருள் ஒன்றே என்பதற்குச் சான்று வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. யாத்திராகமம் 26:31-இல் திரைக்குரிய நூல்களில் இளநீலம், இரத்தாம்பரம் இரண்டையும் அடுத்து ‘தோலாஅத் ஷானி’ வரும். 2 நாளாகமம் 3:14-இல் அதே வரிசையில், அதே இடத்தில் ‘கர்மீல்’ நிற்கிறது. மெல்லிய வெண்ணூலுக்கும் பழைய ‘ஷேஷ்’ போய்ப் ‘பூட்ஸ்’ என்ற புதுச்சொல் வந்திருக்கிறது. நாளாகமம் எழுதப்பட்டது பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்திய பெர்சிய ஆட்சிக் காலத்தில். சந்தையில் புழங்கிய புதுப்பெயர் எழுத்துக்கும் வந்துவிட்டது.

அந்தப் பெயரின் வேரைப் பெர்சிய மொழியில் புழுவைக் குறிக்கும் ‘கிர்ம்’ என்ற சொல்லில்தான் பெரும்பாலான அறிஞர்கள் காண்கிறார்கள். அரபியில் ‘கிர்மிஸ்’, பூச்சியின் அறிவியல் பெயரான ‘கெர்மெஸ்’, நாம் சொல்லும் ‘கார்மைன்’, ‘கிரிம்சன்’ எல்லாம் அந்த வேரைச் சேர்ந்தவை. பெர்சிய ‘கிர்ம்’முக்குச் சமஸ்கிருதத்தில் உள்ள உடன்பிறப்பு ‘க்ருமி’. அதுவே தமிழில் ‘கிருமி’ ஆனது. கைகழுவச் சொல்லும் விளம்பரத்தில் பார்க்கிற அதே கிருமி! ஆக எபிரெயர்கள் தங்கள் சொல்லிலும் புழு என்றார்கள், இரவல் வாங்கிய சொல்லிலும் புழு என்றார்கள்.

கர்மேல் மலைக்கும் கர்மீலுக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ‘கர்மேல்’ என்பது திராட்சத்தோட்டத்தைக் குறிக்கும் ‘கெரெம்’ என்ற எபிரெய வேரைச் சேர்ந்தது. உன்னதப்பாட்டு 7:5-இல் “உன் சிரசு கர்மேல் மலையைப்போலிருக்கிறது” என்பதை அடுத்துத் தலைமயிருக்கு இரத்தாம்பரம் உவமையாக வருவதால், அங்கே மட்டும் ‘கர்மீல்’ என்று வாசிக்கலாமா என்று சிலர் கேட்டதுண்டு. மலை என்ற வாசிப்பே இயல்பாகப் பொருந்துகிறது.

இரத்தாம்பரமும் சிவப்பும் ஒன்றா?

குழப்பம் வருவது நியாயம்தான். ‘இரத்தாம்பரம்’ என்பதைப் பிரித்தால் இரத்தம் + அம்பரம், அதாவது செந்நிற ஆடை. ஆனால் அது முதன்மையாக மொழிபெயர்ப்பது ‘அர்காமான்’ என்ற சொல்லை. அது கடல் நத்தையிலிருந்து எடுத்த, ஊதா கலந்த சிவப்பு. இளநீலமான ‘தெகேலெத்’தும் கடல் நத்தையிலிருந்தே வந்தது. கூடாரத்தின் மூன்று நிறங்களும் மூன்று சிற்றுயிர்ச் சாயங்கள்: இரண்டு கடலிலிருந்து, ஒன்று மரத்திலிருந்து.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மூன்று நூல்களும் வரிசையாக வரும் இடங்களில் வேறுபாட்டைக் கவனமாகக் காத்திருக்கிறது. கவிதைப் பகுதிகளில் அப்படியில்லை. சவுலுக்காகத் தாவீது பாடும் புலம்பலிலும் (2 சாமுவேல் 1:24), எரேமியா 4:30-இலும் எபிரெயத்தில் இருப்பது ‘ஷானி’, தமிழில் இரத்தாம்பரம். தமிழில் ஒரே சொல் என்பதற்காக எபிரெயத்திலும் ஒரே சொல் என்று எண்ணிவிடக் கூடாது.

ஏசாயா 1:18-இல் இந்தச் சொல் என்ன சொல்லுகிறது?

என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இது. “உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும், அவைகள் இரத்தாம்பரச்சிவப்பாயிருந்தாலும் பஞ்சைப்போலாகும்.”

‘சிவேரென்று’ இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் ‘ஷானீம்’, ‘ஷானி’யின் பன்மை. ‘இரத்தாம்பரச்சிவப்பு’ இருக்கும் இடத்தில் ‘தோலா’, புழு. கூடாரத்தில் ஒன்றாக நின்ற இரண்டு சொற்களைத் தீர்க்கதரிசி பிரித்து, பாட்டின் இரண்டு அடிகளில் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார். மூன்று வசனம் முன்னால்தான் “உங்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கிறது” என்று சொல்லியிருந்தார். ஆகவே இந்தச் சிவப்பு அலங்காரம் என்று யாருக்கும் படாது. கையில் இருக்கும் இரத்தம்தான் கண்முன் நிற்கும்.

இனி ‘பஞ்சைப்போலாகும்’. எபிரெயத்தில் அந்த இடத்தில் ‘ட்செமெர்’, ஆட்டு ரோமம். வெண்மை என்றதும் நமக்குப் பருத்திப் பஞ்சு நினைவுக்கு வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படிப் போட்டிருக்கலாம். தமிழ் காதுக்கு அது அழகாகவே விழுகிறது. ஆனால் செஞ்சாயம் ஏறுவது ஆட்டு ரோமத்தில் என்று முன்பு பார்த்தோமே! ஏசாயா ஒரு சிவப்புப் பொருளையும் அதற்குத் தொடர்பில்லாத ஒரு வெள்ளைப் பொருளையும் ஒப்பிடவில்லை. சாயம் ஏறி முடிந்த ரோமம், சாயம் காணாத ரோமமாகத் திரும்பும் என்கிறார். படிகாரம் பிடித்து இழைக்குள் கட்டிக்கொண்ட நிறம் அது. எந்தச் சாயக்காரராலும் அதைப் பிரித்தெடுத்துப் பழைய வெண்மையைக் கொண்டுவர முடியாது. எருசலேமில் இதைக் கேட்டவர்கள் அந்த நூலைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள். நடக்கவே நடக்காத ஒன்று வாக்குத்தத்தமாக வருகிறது என்று அவர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்திருக்கும்.

பிற்காலத்தில் யூதர்கள் இந்த வசனத்தைப் பாவநிவாரண நாளோடு சேர்த்து வாசித்தார்கள். அந்த நாளில் ஜனங்களின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட போக்காட்டின் தலையில் செந்நிற நூல் கட்டப்பட்டதை, யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி சொல்லுகிறது. இன்னொரு நூலை ஆலய வாசலில் கட்டியிருந்தார்கள் என்றும், ஆடு வனாந்தரத்தை அடைந்ததும் அது வெளுத்தது என்றும் அங்கே ஒரு மரபு உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதும் ஏசாயா 1:18-தான்.

நீதிமொழிகள் 31:21-இல் ‘இரட்டைப்புரை துணி’ என்று இருக்கிறதே?

குணசாலியான ஸ்திரீ தன் வீட்டாருக்கு உடுத்தியது எபிரெய உயிர்க்குறிகளின்படி ‘ஷானீம்’, செந்நிற உடை. பழைய எழுத்தில் மெய்கள் மட்டுமே எழுதப்பட்டன. அதே மெய்களை ‘ஷெநாயிம்’ என்று வாசித்தால் ‘இரண்டு’ என்று பொருள் வரும். கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் அப்படி வாசித்தன. நம் தமிழும் அந்த வழியில் போயிருக்கிறது. குளிரைப் பற்றிப் பேசும் வசனத்தில் இரட்டைத் துணி பொருத்தமாகத்தான் இருக்கிறது. என்றாலும் செந்நிற உடை என்றால் அதுவும் கனத்த ஆட்டு ரோம உடையே. அடுத்த வசனத்தில் இரத்தாம்பரம் வருவதால் நிறத்தைச் சொல்லும் வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

“நானோ ஒரு புழு” என்ற சங்கீதம் 22:6 சிவப்புப் புழுவைப் பற்றியதா?

இந்தச் செய்தியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். சிவப்புப் புழு மரத்தில் தன்னை ஒட்டிக்கொண்டு, குஞ்சுகளுக்காக உயிர்விட்டு, மரத்தைச் சிவப்பாக்கி, மூன்றாம் நாளில் வெண்மையாகி உதிரும்; ஆகவே “நானோ ஒரு புழு” என்பது சிலுவையின் படம் என்பார்கள். கேட்கும்போது உள்ளம் உருகும். ஆகவேதான் இதில் எது நிற்கும், எது நிற்காது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அங்கே இருக்கும் சொல் ‘தோலாஅத்’ என்பது உண்மை. பெண் பூச்சி மரத்தைவிட்டு அகலாமல் இருப்பதும், அதன் செத்த உடலே முட்டைகளுக்குக் கூரையாவதும் உண்மை. மூன்று நாள் கணக்கு அந்தப் பூச்சியின் வாழ்க்கையில் இல்லை. சங்கீதத்தில் ‘ஷானி’யும் இல்லை. ‘தோலாஅத்’ தனியாக வரும் மற்ற இடங்களைப் பாருங்கள்: மறுநாளைக்கு வைத்த மன்னாவில் பிடித்த பூச்சி (யாத்திராகமம் 16:20, அங்கே ‘தோலா’வின் பன்மை), யோனாவின் ஆமணக்கை அரித்த பூச்சி, “யாக்கோபு என்னும் பூச்சியே, பயப்படாதே” (ஏசாயா 41:14). எல்லாம் சாதாரணப் புழு பூச்சிகள், யாரும் மிதித்துவிட்டுப் போகிற அற்ப உயிர்கள்.

சங்கீதக்காரரும் அதைத்தான் சொல்லுகிறார். “மனுஷனல்ல, மனுஷரால் நிந்திக்கப்பட்டும், ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன்” என்று அவரே தொடர்கிறார். இந்தச் சங்கீதத்தின் முதல் வரியை இயேசு சிலுவையில் சொன்னார் என்பதே போதிய பலம். அவமானத்தின் அடியாழத்தில் நின்று பேசுகிற குரலுக்கு மூன்று நாள் கணக்கை நாம் இரவல் கொடுக்க வேண்டியதில்லை.

தீட்டான பூச்சியைப் பரிசுத்த ஸ்தலத்தில் எப்படி அனுமதித்தார்கள்?

லேவியராகமம் 11 ஊரும் பிராணிகளைப் புசிக்கக் கூடாது என்கிறது. செத்தபின் தொட்டால் தீட்டு என்று 29, 30ஆம் வசனங்கள் பெயர் சொல்லும் பட்டியலில் இந்தப் புழு இல்லை. திரையில் தொங்கியது பூச்சியின் உடலும் அன்று, அதன் நிறம் ஏறிய ரோமம்.

தோலா என்று ஒரு நியாயாதிபதி இருந்தாரே?

இருந்தார். நியாயாதிபதிகள் 10:1-இல் வரும் இசக்கார் கோத்திரத்துத் தோலா, 23 வருஷம் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவர். பெயர் அதே ‘தோலா’தான். அவருடைய தகப்பன் பெயர் பூவா. பிற்கால எபிரெயத்தில் ‘பூவா’ என்பது மஞ்சிட்டிச் செடியின் பெயர். வேரிலிருந்து சிவப்புச் சாயம் தரும் செடி. தகப்பன் செடிச் சிவப்பு, மகன் பூச்சிச் சிவப்பு! இசக்காரின் சொந்த மக்களுக்கும் இந்த இரண்டு பெயர்கள் உண்டு (ஆதியாகமம் 46:13). அந்தக் கோத்திரத்தில் சாயத்தொழில் இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. வேதம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

புதிய ஏற்பாட்டில் இந்த நிறம் வருகிறதா?

கிரேக்கத்தில் ‘கொக்கினோஸ்’ என்ற சொல்லாக வருகிறது, ‘கொக்கோஸ்’ஸிலிருந்து பிறந்தது. எபிரெயர் 9:19-இல் மோசே எடுத்தது “சிவப்பான ஆட்டுமயிர்”. ஏசாயாவில் பஞ்சாகிப்போன ரோமம் இங்கே தமிழிலும் ரோமமாகவே நிற்பதில் எனக்கு ஒரு நிறைவு. மத்தேயு 27:28-இல் போர்ச்சேவகர் இயேசுவுக்கு உடுத்திய “சிவப்பான மேலங்கி”யும் இந்தச் சொல்லே. மாற்கும் யோவானும் அதை இரத்தாம்பரத்துக்குரிய சொல்லால் குறிக்கிறார்கள். ராஜ உடை என்று பரிகசிக்க, கைக்குக் கிடைத்த ஒரு சேவகனின் சிவப்பு மேலங்கியைப் போட்டிருப்பார்கள் என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

இப்படி ஒரு பூச்சியை நம் ஊரில் பார்க்க முடியுமா?

கெர்மெஸ் கிடையாது, அதன் உறவினர்கள் உண்டு. அரக்குப் பூச்சியும் கிளையில் ஒட்டி வாழும் செதில் பூச்சியே. அதிலிருந்தும் சிவப்புச் சாயம் எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று சப்பாத்திக்கள்ளியில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக் கொச்சினீல் பூச்சி 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஐரோப்பியச் சந்தையில் கெர்மெஸின் இடத்தைப் பிடித்தது. அதை இங்கேயே வளர்க்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்ததோ தரமான வகை அன்று, அதன் காட்டு உறவு. சாயத்தொழில் தேறவில்லை.

அந்த இனத்துப் பூச்சிகளை இன்றும் தென்மாவட்டங்களில் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் பார்க்கலாம். கள்ளி மடலில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். முள் படாமல் ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சிவேரென்று ஒரு சொட்டு வரும்.